அம்போசெலியில் யானை பார்ப்பது: எங்கே, எப்போது, எப்படி

கேள்வி இது: அடுத்த வருடம் பத்து வயது மகளோடும் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடும் ஆப்பிரிக்காவுக்குப் போகத் திட்டம். சிங்கம், சிறுத்தை கிடைத்தால் சந்தோஷம், ஆனால் யானைதான் முக்கியம். எந்தப் பூங்கா, எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு கிட்டப் போகலாம்? முதுமலையிலும் பந்திப்பூரிலும் யானை பார்த்தவர்களுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கிறது?

என் பதில்: கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்கா. மூன்று இரவுகள் அங்கேயே தங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு யானைக் குடும்பத்தைத் தேர்ந்துகொண்டு, வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு, அவை போகும்வரை கூடவே இருங்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் நான் சொல்ல வருவதில் முக்கால் பங்கு. ஆப்பிரிக்கா போய்த் திரும்பும் பெரும்பாலானோர் நூற்றுக்கணக்கான யானைகளைப் பார்க்கிறார்கள், ஒரு யானையையும் அரை மணி நேரம் தொடர்ந்து பார்ப்பதில்லை. படம் எடுத்ததும் வண்டி கிளம்பிவிடுகிறது.

ஏன் அம்போசெலி என்று சொல்கிறேன். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் போட்ஸ்வானாவின் சோபேதான். அந்த நாட்டில் ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் யானைகள். வறண்ட மாதங்களில் சோபே ஆற்றங்கரைக்கு அவை நூறு நூறாக இறங்கும், படகில் இருந்தே பார்க்கலாம். சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு சுற்றப் பிடித்தால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர். கென்யாவுக்குள்ளேயே சாவோவில் செம்மண்ணைப் பூசிக்கொண்ட சிவப்பு யானைகள், நாட்டிலேயே அதிகமான எண்ணிக்கையில். எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனாலும் யானைகள் தங்களுக்குள் எப்படி வாழ்கின்றன என்று பார்க்க அம்போசெலிக்கு இணையான இடத்தை நான் பார்த்ததில்லை.

முதல் காரணம் நிலம். பூங்கா சின்னது, 392 சதுர கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 350 மில்லிமீட்டர் மழை பெய்யும் காய்ந்த பூமி. அதன் தெற்கே, தான்சானியா எல்லைக்கு அந்தப் பக்கம், 5,895 மீட்டர் உயரத்தில் கிளிமஞ்சாரோ. அந்த மலைக்காட்டில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே ஓடிவந்து, அம்போசெலியில் ஊற்றாகக் கிளம்புகிறது. அப்படி உண்டானவைதான் எங்கொங்கோ நரோக், லொங்கினியே போன்ற சதுப்புகள். சுற்றிலும் புழுதி பறக்கிற நேரத்திலும் அங்கே மட்டும் பச்சைக் கோரைப்புல்லும் தண்ணீரும் இருக்கும். அதனால் யானைகள் பகலில் அங்கே வந்துதான் ஆகவேண்டும். ஒரு காலத்தில் அங்கே மஞ்சள் பட்டை வேலமரங்கள் காடாக இருந்தன. இப்போது பெரும்பகுதி வெட்டவெளி. காட்டுக்கு அது நல்லதா என்பது வேறு விஷயம், அதைப் பற்றி ஆய்வாளர்கள் பல வருடங்களாகப் பேசி வருகிறார்கள். பார்ப்பவருக்கு அதன் பலன், யானை மறைந்துகொள்ள எதுவுமில்லை என்பது. முதுமலைச் சாலையில் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் ஒரு முதுகு தெரியும், ஒரு காது அசையும், ஜீப் நகர்ந்துவிடும். அம்போசெலியில் அதே குடும்பத்தை நான்கு மணி நேரம் முழுசாகப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. 1972-ல் சிந்தியா மாஸும் ஹார்வி குரோஸும் இங்கே ஒரு யானை ஆய்வைத் தொடங்கினார்கள், அது இன்றுவரை நிற்காமல் நடக்கிறது. காதின் கிழிசல், ஓட்டை, நரம்போட்டம், தந்தத்தின் வளைவு இவற்றை வைத்து ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு உண்டு, அந்தக் குடும்பத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு அதே எழுத்தில் தொடங்கும் பெயர். பாட்டி, மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக உலகில் வேறெந்தக் காட்டு யானைக் கூட்டத்துக்கும் இவ்வளவு நீண்ட வரலாறு எழுதப்பட்டதில்லை. ஆப்பிரிக்க யானைகளின் நடத்தை பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு இந்தச் சதுப்புகளின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவர்களால் வந்தது.

மூன்றாவதாக, இங்கே யானைக் கிழவிகள் உயிரோடிருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் கென்யாவில் சுமார் 1,67,000 யானைகள் இருந்தன. தந்த வேட்டையால் 1989-ல் அது 16,000 அளவுக்குச் சரிந்தது. முதலில் சுடப்பட்டவை பெரிய தந்தம் உள்ள வயதானவை. மற்ற இடங்களில் மூத்த பெண் யானைகள் செத்து, வழிகாட்ட ஆளில்லாத இளசுகள் மட்டும் மிஞ்சிய கூட்டங்கள் உண்டு. அம்போசெலி ஓரளவு தப்பியது. சுற்றியுள்ள, மாடு மேய்க்கும் மாசாய் இன மக்கள் வேட்டைக்காரர்களை நுழைய விடவில்லை, ஆய்வாளர்கள் எப்போதும் அங்கே இருந்தார்கள். அதனால் குடும்பங்கள் உடையாமல் நிலைத்தன. வண்டியைக் கண்டால் மிரளாத நிதானமும் அதிலிருந்து வந்ததுதான்.

மூத்தவர்கள் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அங்கேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வாளர் கேரன் மெக்கோம்பின் குழு யானைக் குரல்களைப் பதிவுசெய்து குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டியது. வயதான தலைவி, அதாவது குடும்பத்தை நடத்தும் மூத்த பெண் யானை, உள்ள குடும்பங்கள் தெரிந்த குரலையும் அந்நியக் குரலையும் சரியாகப் பிரித்தறிந்து, தேவையான நேரத்தில் மட்டும் உஷாராகின. அந்தக் குடும்பங்களில் குட்டிகளும் அதிகம் பிறந்தன. 2001-ல் வந்த ஆய்வு இது. இன்னொரு சோதனையில் சிங்கத்தின் கர்ஜனையைப் போட்டார்கள். பெண் சிங்கத்தைவிட ஆண் சிங்கம் யானைக் குட்டிக்கு அதிக ஆபத்து. அந்தக் குரலின் வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டவை மூத்த தலைவிகள்தான். 2014-ல் மனிதக் குரலைப் போட்டபோது, ஈட்டியோடு வரக்கூடிய மாசாய் ஆண்களின் பேச்சுக்கு யானைகள் நெருங்கிக் கூடி நின்றன. பெண்கள், சிறுவர்கள், விவசாயிகளான கம்பா இனத்து ஆண்கள் பேசியபோது அவ்வளவு பதற்றம் இல்லை. வண்டிக்குள் சத்தமாகப் பேசாதீர்கள் என்று ஓட்டுநர் சொல்வதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசுவதை அவை கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சரி, போய் இறங்கியதும் என்ன பார்க்க வேண்டும்?

நம் ஊர்க் கண்ணுக்கு முதலில் குழப்பம் தருவது தந்தம். நம் நாட்டில் தந்தம் என்றால் ஆண், கொம்பன். ஆப்பிரிக்கச் சவானா யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. ஆகவே தந்தத்தை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது, நெற்றியைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது பெண்ணின் நெற்றி கூராக மடிந்திருக்கும், ஆணின் நெற்றி உருண்டு வழியும். பெண்ணின் தந்தம் மெலிது, ஆணுக்கு அடிப்பகுதியே தடிமனாக இருக்கும். முதுகும் வேறு. ஆசிய யானைக்கு முதுகு மேடிட்டிருக்கும், இங்கே நடுவில் குழிந்திருக்கும். தலையில் இரட்டை மேடு கிடையாது. துதிக்கையின் நுனியில் நம் யானைக்கு ஒரு விரல், இவற்றுக்கு இரண்டு. புல்லைப் பிடுங்கும்போது அந்த இரண்டு விரலும் கிள்ளி எடுப்பதைத் தொலைநோக்கியில் பாருங்கள்.

அடுத்த குழப்பம் மதநீர். கன்னத்தில் ஈரக்கோடு தெரிந்தால் மதம் பிடித்த யானை, ஆளைக் கொல்லும் என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். ஆப்பிரிக்க யானையில் பெண்களுக்கும் குட்டிகளுக்கும்கூட அந்தச் சுரப்பி வழியும். பிரிந்த குடும்பங்கள் சந்தித்தால், குட்டி பிறந்தால், ஏதாவது பயந்தால், பரபரப்பானாலே வழியும். பெண்ணின் கன்னத்தில் ஈரத்தைப் பார்த்தால் பயப்படாமல் சுற்றிலும் பாருங்கள், என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆணுக்கு உண்மையான மதம் என்றால் அடையாளங்கள் வேறு: சிறுநீர் விடாமல் சொட்டும், பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும், கடுமையான வாடை வரும், தலையை உயர்த்தித் தோளை ஆட்டி ஒரு தனி நடை நடக்கும். இந்த மதம் ஆசிய யானைக்கு மட்டும்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆப்பிரிக்க யானைக்கும் உண்டு என்பதை ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981-ல் அறிவித்தார்கள், அதுவும் இதே அம்போசெலி யானைகளை வைத்து.

இனி ஒரு நாளின் போக்கு. யானைகளில் பல இரவைப் பூங்காவுக்கு வெளியே உள்ள புதர்க்காட்டில் கழிக்கின்றன. காலையில் வரிசையாகச் சதுப்பை நோக்கி நடந்து வரும். பொதுவாகத் தலைவி முன்னால், குட்டிகள் நடுவில். நீங்கள் ஆறு மணிக்கே வெளியே இருந்தால் இந்த வருகையைப் பார்க்கலாம். அந்த நேரத்தில்தான் கிளிமஞ்சாரோவும் மேகமில்லாமல் தெரியும். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மலை மூடிக்கொள்ளும், சாயங்காலம் மறுபடி திறந்தால் உண்டு.

பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை பெரும்பாலான வண்டிகள் விடுதிக்குத் திரும்பிவிடும். வேறு பூங்காக்களில் அது நியாயம், வெயிலில் விலங்குகள் படுத்துவிடும். அம்போசெலியில் யானைகள் சதுப்புக்குள் இருப்பதே அந்த நேரம்தான். வயிறுவரை தண்ணீரில் நின்று, புல்லைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி, வேரிலுள்ள சேற்றை அலசித் தின்னும். கொக்குகள் முதுகில் உட்கார்ந்திருக்கும். கரையேறும்போது உடம்பின் கீழ்ப்பாதி கறுப்பாகவும் மேல்பாதி சாம்பலாகவும் இரண்டு நிறத்தில் இருக்கும். அடுத்து புழுதியை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒரே நிறம். மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு அந்த நேரம் முழுவதும் வெளியே இருங்கள். பெற்றோருக்கு முடியாவிட்டால் ஒரு நாள் மட்டுமாவது.

அந்த நேரத்தில் குட்டிகளைக் கவனியுங்கள். தாயின் வயிற்றுக்கு அடியில் நிமிர்ந்தபடியே நுழைய முடிந்தால் அதற்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பிறந்து சில மாதம்வரை துதிக்கையை என்ன செய்வது என்றே அதற்குத் தெரியாது. அதைச் சுழற்றும், மிதிக்கும், வாயில் வைத்துச் சப்பும். தண்ணீர் குடிக்க மண்டியிட்டு வாயை நேராகத் தண்ணீரில் வைக்கும். பால் குடிப்பதும் வாயால்தான், மடி முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. ஒரு குட்டி கத்தினால் முதலில் ஓடி வருவது பல சமயம் தாயாக இருக்காது, அக்காவாகவோ சித்தியாகவோ இருக்கும். இளம் பெண் யானைகள் குட்டி வளர்க்கப் பழகுவதே இப்படித்தான்.

எக்கோ என்ற புகழ்பெற்ற தலைவி இங்கே வாழ்ந்தது. 1990-ல் அதற்குப் பிறந்த ஈலை என்ற குட்டியால் முன்னங்கால்களை நீட்ட முடியவில்லை, முட்டிகளால் தவழ்ந்தது. குடும்பம் மேயப் போனபோதும் எக்கோவும் அதன் மகள் ஈனிடும் குட்டியை விட்டு நகரவில்லை, அது தவழும் வேகத்துக்கே நடந்தன. மூன்றாம் நாள் ஈலை நிமிர்ந்து நின்றது. எக்கோ 2009 மே மாதம், அந்தக் கொடிய பஞ்சத்தின்போது, ஏறக்குறைய 65 வயதில் இறந்தது. ஒரு யானைக் குடும்பத்தைப் பார்க்கும்போது இப்படிப்பட்ட வரலாறு அதற்குள் இருக்கிறது என்ற நினைப்பு உங்கள் மகளுக்கு இருக்கட்டும். போகும் முன்பே இந்தக் கதையைச் சொல்லிவையுங்கள்.

இன்ஜினை அணைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் சத்தம். யானைகள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி தாழ்ந்த குமுறல். அதில் ஒரு பகுதி மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது, சில கிலோமீட்டர் தூரம்கூடப் போகும். அதன் மேல்விளிம்பு மட்டும் நமக்குக் கேட்கும். டீசல் இன்ஜின் ஓடினால் அதுவும் கேட்காது. அமைதியாக இருந்தால் மேய்ந்துகொண்டே அவை இடைவிடாமல் குமுறிக்கொள்வது கேட்கும். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, அம்போசெலியிலும் வட கென்யாவின் சம்புருவிலும் பதிவான குமுறல்களைக் கணினியில் அலசி, யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற தனி ஒலியால் கூப்பிடுகின்றன என்பதற்குச் சான்று காட்டியது. ஒலிப்பதிவைப் போட்டபோது, தனக்கான அழைப்பைக் கேட்ட யானை அதிக ஈடுபாட்டோடு பதில் கொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி, கிளம்பும் நேரம். குடும்பம் நிம்மதியாக நிற்கும். ஒரு பெரிய பெண் யானை கூட்டத்தின் ஓரத்துக்கு வந்து, தான் போக விரும்பும் திசையைப் பார்த்து நிற்கும். ஒரு காலைத் தூக்கி ஆட்டும், காதை மெல்ல அடித்துக்கொண்டு நீளமாக ஒரு குமுறல் விடும். யாரும் அசையமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “கிளம்பலாமா?” என்பதுதான் அது. வேறொரு யானை பதில் கொடுக்கும், சில சமயம் வேறு திசையைப் பார்த்து நின்று மறுக்கவும் செய்யும். பத்து நிமிடமோ அரை மணியோ இந்தப் பேச்சு நடந்து, திடீரென்று எல்லாம் ஒன்றாக நடக்கத் தொடங்கும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் கிடைப்பது இது.

இரண்டு குடும்பங்கள் சந்திப்பதையும் விட்டுவிடாதீர்கள். நெருங்கிய சொந்தமாக இருந்தால் ஓடிவந்து, தலையை உயர்த்தி, காதை விரித்து, தந்தங்கள் உரச, துதிக்கையை ஒன்றன் வாயில் ஒன்று வைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் குமுறிப் பிளிறும். மல மூத்திரம்கூட அந்தப் பரபரப்பில் போகும். காலையில் பிரிந்து மத்தியானம் சேர்ந்தாலும் இப்படித்தான். முதல்முறை பார்ப்பவர்கள் சண்டை என்று நினைத்துவிடுவார்கள்.

பெரிய ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண் யானை பதினான்கு வயதுவாக்கில் குடும்பத்தை விட்டு வெளியேறும். இணை சேர்வதில் முன்னுரிமை பெரும்பாலும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய, மதத்தில் உள்ள ஆண்களுக்குத்தான். ஆகவே பெரிய கிழட்டு ஆண் யானை இனத்துக்குப் பயனில்லாதது என்ற வேட்டைக்காரர் வாதம் தவறு. தந்தம் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்த ஆண்கள் உலகில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் பல அம்போசெலியைச் சேர்ந்தவை. டிம் என்ற ஆண் 2020 பிப்ரவரியில் 50 வயதில் இயற்கையாக இறந்தபோது கென்யாவே துக்கப்பட்டது. கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை. எல்லையின் மறுபக்கம் தான்சானியாவில் உரிமம் வாங்கிச் சுடலாம். இந்த யானைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. முப்பது வருடம் இரு பக்கமும் மதித்துவந்த ஓர் இணக்கம் உடைந்து, 2023 செப்டம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் பெரிய தந்தமுள்ள ஆண்கள் அங்கே சுடப்பட்டன. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தந்தத்துக்காகத் தொடர்ந்து சுட்டால் என்ன ஆகும் என்பதை மொசாம்பிக்கின் கோரொங்கோசாவில் பார்த்தாகிவிட்டது. உள்நாட்டுப் போரின்போது அங்கே நடந்த வேட்டைக்குப் பிறகு, தந்தமே இல்லாமல் பிறக்கும் பெண் யானைகளின் விகிதம் கூடிவிட்டது.

எவ்வளவு கிட்டப் போகலாம் என்ற கேள்வி. கென்ய வனவிலங்குச் சேவையின் விதி, குறைந்தது 20 மீட்டர் விலகியிரு, ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்காதே, சாலையை விட்டு இறங்காதே, 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகாதே என்கிறது. நான் சொல்வது: நீங்கள் போகாதீர்கள், அவை வரட்டும். தள்ளி நிறுத்தி அமைதியாக இருந்தால் குடும்பம் தானாகவே உங்கள் வண்டியைக் கடந்து மேய்ந்துபோகும். அந்த நெருக்கம் அவை விரும்பிக் கொடுத்தது, அதில் ஆபத்து குறைவு. ஆபத்து வருவது, நடந்துவரும் வரிசைக்குக் குறுக்கே படத்துக்காக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி புகுந்துவிட்டால் அது பெரிய தப்பு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எல்லாக் குடும்பமும் சாலையைக் கடந்து வெளியே திரும்பும் நேரத்தில் இதைத்தான் ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: முன்கூட்டியே தூரமாக நிறுத்துங்கள், வழியை விட்டுவிடுங்கள்.

யானை சங்கடப்படுவதற்கு அடையாளங்கள் உண்டு. மேய்வதை நிறுத்தி உங்கள் பக்கம் முழுசாகத் திரும்புவது, காதை விரித்துத் தலையைத் தூக்குவது, முன்னங்காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, தின்னாமலே புல்லைப் பிடுங்கிப் போடுவது, துதிக்கை நுனியை உங்கள் பக்கம் வளைத்து மோப்பம் பிடிப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே மெதுவாகப் பின்வாங்கலாம். காதை விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல், பாதியில் நிற்கும். காதை ஒட்ட மடக்கி, துதிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்து, தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வந்தால் அது நிஜம். அம்போசெலியில் இது அரிது. இருந்தாலும் மதத்தில் உள்ள ஆண் கண்ணில் பட்டால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். வண்டியை விட்டு இறங்க அனுமதித்த இடங்களில், உதாரணமாக நோமோதியோ குன்றில், மட்டுமே இறங்குங்கள். அந்தக் குன்றின் மேலிருந்து சதுப்பு முழுவதும் தெரியும், பெற்றோருக்கும் மெதுவாக ஏறக்கூடிய அளவுதான்.

ஓட்டுநரிடம் முந்தின நாள் இரவே பேசிவிடுங்கள். வண்டியின் வயர்லெஸ்ஸில் “சிங்கம்” என்று கேட்டதும் எல்லா வண்டியும் பறக்கும், பயணி அதைத்தான் விரும்புவார் என்பது அவருக்குப் பழக்கமான அனுபவம். யானையோடு நீண்ட நேரம் நிற்க விரும்புகிறோம், சிங்கம் தவறினால் குறை சொல்லமாட்டோம் என்று தெளிவாகச் சொன்னால் பல ஓட்டுநர்களுக்கு முகமே மலர்ந்துவிடும். அவர்களுக்கும் ஓடி ஓடி அலுத்திருக்கும், தெரிந்ததை எல்லாம் சொல்லித் தருவார்கள். வேன் வேண்டாம், கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸராக, உங்கள் குடும்பத்துக்கு மட்டுமான வண்டியாக எடுங்கள். பிறரோடு பகிர்ந்த வண்டியில் யாராவது ஒருவர் “போகலாம்” என்பார்.

மாதம் என்றால் ஜூன் முதல் அக்டோபர், அல்லது ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரல், மே மழையில் சாலைகள் சேறாகும், யானைகளும் தீனி எங்கும் கிடைப்பதால் பூங்காவுக்கு வெளியே பரவிவிடும். அதேசமயம் மழைக்குப் பிந்தைய வாரங்களில்தான் பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பெரும் கூட்டமாகத் திரியும், கொழுத்த யானைகள், விளையாட்டு, காதல் எல்லாம் அப்போதுதான். பள்ளி விடுமுறை மே மாதம் மட்டும்தான் என்றால் மாத இறுதிக்குத் தள்ளிவையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் வறட்சி முற்றியிருந்தால் மெலிந்த யானைகளையும் விலங்குகளின் எலும்புகளையும் பார்க்க நேரிடலாம், மகளைத் தயார்செய்து கூட்டிப்போங்கள்.

தங்குமிடத்தைத் தேர்வதில் ஒரு விஷயம். இந்த யானைகளுக்கு, எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் அளவில் இருக்கும், 392 சதுர கிலோமீட்டர் போதவே போதாது. அவை சுற்றும் நிலத்தின் பெரும்பகுதி பூங்காவுக்கு வெளியே, மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. அந்தப் பொது நிலம் இப்போது தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்து, வேலியும் பாசன விவசாயமும் வந்துகொண்டிருக்கிறது. பூங்காவுக்குக் கிழக்கே கிமானா பக்கம் யானைகளின் வழித்தடம் குறுகிக்கொண்டே போகிறது. நிலத்தை வேலியில்லாமல் விட்டுவைக்கும் குடும்பங்களுக்கு வாடகை கொடுக்கும் சமூகக் காப்பகங்கள் சுற்றிலும் இருக்கின்றன. மூன்று இரவில் ஒன்றையாவது அப்படிப்பட்ட இடத்தில் தங்குங்கள். யானைக்கு வழி திறந்திருப்பது அந்தக் குடும்பங்களின் கையில் இருக்கிறது. யானைச் சவாரி, யானையைத் தொட்டுப் படம் எடுப்பது என்று எங்காவது விளம்பரம் பார்த்தால் விலகிவிடுங்கள்.

நைரோபியிலிருந்து சாலையில் எமாலி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி. பெற்றோருக்கு முதுகுவலி இருந்தால் ஒரு வழியாவது விமானம் நல்லது. புழுதி கடுமையாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசமும் மருந்தும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். காலையில் திறந்த கூரையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் எடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு நாடு முழுவதும் தடை, பூங்காவுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது, ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரி முதல் இணையத்தில் முன்அனுமதி வாங்கும் முறை வந்திருக்கிறது. மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைநோக்கி இருக்கட்டும். அது இல்லாமல் நல்ல கேமரா மட்டும் கொண்டுபோவது வீண்.

டிக்கெட் போடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புபவர்களிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு சற்று அதிகம். உங்கள் அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு மருத்துவரைப் பார்த்து அவர் சரி என்ற பிறகே மற்ற முன்பதிவுகளைச் செய்யுங்கள். பத்து வயது மகளைப் பொறுத்தவரை ஊசியில் சிக்கல் இருக்காது, வயதும் சரியான வயதுதான். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு யானையின் காது விளிம்பை வரையச் சொல்லுங்கள். மறுநாள் அதே குடும்பம் சதுப்புக்கு வந்தால் அவளே அந்த யானையைக் கண்டுபிடித்துக் காட்டுவாள்.